சுரங்கத்தைத் தேடி வந்த பல்கலைக்கழகங்கள்

1965இல் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோக்கள் கண்டறியப்பட்டன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அங்கே ஆய்வுக்கருவிகளை நிறுவியிருந்தனர். அன்று பல்கலைக்கழகங்கள் தொழிலாளரின் நிலத்தடிக்கு இறங்கி வந்தன.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது, திசையும் மாறியது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்று வேலைக்கும் படிப்புக்கும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு செல்கின்றனர்.

ஆகவே, சேர்க்கைக்கு முன் கல்லூரி வளாகத்தைப் பார்வையிடுவது இவ்வூர் மாணவருக்குச் சுற்றுலா அன்று. அது ஒரு கள ஆய்வு. விழா நாளைத் தவிர்த்து, வகுப்பு நடக்கும் நாளில், நாளை தினமும் ஏறப்போகும் அதே ரயிலிலேயே செல்லுங்கள். கடைசி ஆய்வக வகுப்பு முடிந்தபின் திரும்பும் வண்டி கிடைக்குமா? நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? மொழிப்பாடமாகத் தமிழ் உண்டா? தொலைவிலிருந்து வந்து படிக்கும் மூத்த மாணவரிடம் இவற்றைக் கேளுங்கள். விடைகள் சாதகமாக இல்லையெனில், அதைக் கட்டணம் செலுத்துமுன் அறிவதே நன்று. நுழைவாயிலின் அழகு ஒரு நாளுக்கு. பயணமோ படிப்பு முடியும்வரை.