காரின் தட்டுச் சத்தமும் அதை அடக்கிய ஈயமும்

ஜி.என்.டி. சாலை குறுகலாக இருந்த காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதுவாயல் கூட்டு ரோட்டில் நின்றால், கண்ணை மூடிக்கொண்டே வருவது அம்பாசிடரா, பியட்டா, லேலண்டு லாரியா என்று சொல்லிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். அந்தக் குரல் மாறினால் வண்டிக்கு நோய் என்று அர்த்தம்.

நோயைக் கண்டுபிடிக்க அன்றைய மெக்கானிக்குகளிடம் கம்ப்யூட்டர் கிடையாது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு கேட்பார்கள். மேலே வால்வ் கவர் பக்கம் 'டிக் டிக்' என்றால் டப்பெட். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் அடங்கிவிடும். கீழே கனமாக 'டொக் டொக்' என்றால் கனெக்டிங் ராட் பேரிங். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றும்போது சத்தம் குறைகிறதோ, கோளாறு அந்த சிலிண்டரில். அதோடு தொடர்ந்து ஓட்டினால் ராட் உடைந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்துவிடும். கீச்சென்று கத்தினால் ஃபேன் பெல்ட். ஒரு கை தண்ணீர் தெளித்தால் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் தேய்மானத்தின் சத்தங்கள். இன்னொன்று உண்டு. முழுச் சுமையோடு மேம்பாலம் ஏறும்போது, டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைக் குலுக்கியது போல ஒரு சத்தம் வரும். 'நாக்கிங்' என்போம். எதுவும் தேயாமலே வரும் சத்தம் இது. இதன் கதைதான் இந்தக் கட்டுரை.

ஸ்பார்க் பிளக் பற்றவைத்ததும் நெருப்பு சிலிண்டருக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவவேண்டும். அது போய்ச் சேருமுன்பே, மூலையில் அழுத்தத்திலும் சூட்டிலும் இருக்கும் மிச்ச எரிவாயு தானாக வெடித்தால், அந்த அதிர்வு சிலிண்டர் சுவரில் மோதும். அதுவே நாக்கிங். நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும். நம்மூர் வைத்தியம் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி டைமிங்கைக் குறைப்பது, அல்லது ஹெட்டைக் கழற்றி கார்பனைச் சுரண்டி எடுப்பது.

பெட்ரோலையே மாற்றிவிட முடியுமா என்று தேடியவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த சார்லஸ் கெட்டரிங்கும் தாமஸ் மிட்ஜ்லியும். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளியளவு கலந்தார் மிட்ஜ்லி. தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. 1923-ல் டேட்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆல்கஹாலுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது.

1924 அக்டோபரில் நியூஜெர்சி ஆலையொன்றில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். ஆபத்தில்லை என்று காட்ட, நிருபர்கள் முன்னால் மிட்ஜ்லி அதில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நஞ்சால் படுத்து எழுந்திருந்தார். டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் போன்றவர்கள் எதிர்த்தும், சிறிது காலம் நிறுத்தப்பட்ட விற்பனை 1926-ல் மீண்டும் தொடங்கி, உலகம் முழுவதும் பரவியது.

நம் நாட்டிலும் பங்குகளில் விற்றது இந்த ஈய பெட்ரோல்தான். பட்டறைப் பையன்கள் குழாயை வாயால் உறிஞ்சி பெட்ரோல் எடுத்ததும், கிரீஸ் போக அதிலேயே கை கழுவியதும் நாம் பார்த்தவைதான். டெட்ரா எத்தில் லெட் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். புகையோடு வந்த ஈயமோ சாலையோர மண்ணில் படிந்தது. அந்த மண்ணில்தான் பிள்ளைகள் விளையாடினார்கள்.

ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும் என்பதை, அவர்களின் பால்பற்களை ஆராய்ந்து 1979-ல் எடுத்துக்காட்டினார் ஹெர்பர்ட் நீடில்மேன். இந்தியாவில் ஜார்ஜ் பவுண்டேஷனும் பெங்களூர் மருத்துவப் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷும் 1990-களின் இறுதியில் சென்னை, வேலூர் உள்ளிட்ட ஏழு நகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல், அன்று எச்சரிக்கை அளவாகக் கருதப்பட்ட டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது.

1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் அதுவே. ஈயம் போனால் பழைய வண்டிகளின் வால்வ் சீட் தேய்ந்துவிடும் என்று அப்போது பட்டறைகளில் பெரிய பேச்சு. கெட்டியான சீட் போட்டுச் சமாளித்தார்கள். வண்டிகள் ஓடத்தான் செய்தன. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

இன்றைய கார்களில் எஞ்சின் பிளாக்கோடு ஒரு நாக் சென்சாரை முறுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அதிர்வை உணர்ந்ததும் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. ஸ்க்ரூடிரைவரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிய கையும் செய்த வேலைதான். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. அதுவும் ஆல்கஹால்தான், நாக்கிங்கைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. ஒதுக்கிவைத்த வழிக்கு நூறு வருடம் கழித்து வந்திருக்கிறோம். எத்தனாலுக்கும் குறை உண்டு. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களை அது அரிக்கும், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஈயம் மக்கிப் போகிற பொருள் அல்ல. அந்த நாளில் சாலையோர மண்ணில் விழுந்தது பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரம் வீடுள்ளவர்கள், மண்ணில் விளையாடிவிட்டு வரும் பேரப் பிள்ளைகளைக் கை கழுவாமல் சாப்பாட்டில் உட்கார விடாதீர்கள்.