வடபழனியில் வளர்ந்த தெலுங்குத் திரை

இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த என் தலைமுறையினருக்கு, ‘மாயாபஜார்’ படத்தின் கல்யாணச் சமையல் பாட்டு மனப்பாடம். திருச்சி லோகநாதனின் குரலுக்கு வாயசைத்த எஸ். வி. ரங்காராவைத் தமிழ் நடிகர் என்றே நாம் எண்ணியிருந்தோம். பல்லாண்டுகளின் பின்னர் ஆந்திரப் பத்திரிகை நண்பரொருவர், “அது எங்கள் படமல்லவா?” என்று வியப்புடன் கேட்டார். இருவரும் நெடுநேரம் வாதிட்டோம். அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் தவறல்ல. அந்த வாதத்தின் விடை சென்னை வடபழனியில் இருக்கின்றது.

1931இல் எச். எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ படத்தில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். அடுத்த ஆண்டு வெளியான முதல் தெலுங்குப் பேசும்படமான ‘பக்த பிரகலாதா’வும் அதே ரெட்டியின் படைப்பே. தமிழ், தெலுங்குப் பேசும்படங்கள் ஒரே தொட்டிலில் கிடந்த குழந்தைகள் எனலாம்.

அக்காலத்தில் தெலுங்கு மாவட்டங்கள் பலவும் சென்னை மாகாணத்தின் பகுதிகளாக இருந்தன. ராஜமுந்திரியில் 1936இல் ‘துர்கா சினிடோன்’ தொடங்கப்பட்டபோதும் அது நிலைக்கவில்லை. மூலதனம், இரசாயனக்கூடம், தேர்ந்த தொழில்நுட்பவியலாளர் ஆகிய அனைத்தும் சென்னையிலேயே குவிந்திருந்தன. ஆகவே தெலுங்குக் கலைஞர்கள் சென்னைக்கு வந்தனர்.

வந்தவர்கள் புராணக் கதைகளை மட்டும் எடுக்கவில்லை. கூடவல்லி ராமபிரம்மம் 1938இல் எடுத்த ‘மாலபில்ல’ தீண்டாமையைச் சாடியது. அடுத்த ஆண்டு அவர் எடுத்த ‘ரைது பிட்டா’ குடியானவர்களின் துயரைப் பேசி ஜமீன்தார்களின் சினத்துக்கு ஆளாயிற்று. அதே 1939இல் பி. என். ரெட்டியின் ‘வந்தே மாதரம்’ வெளிவந்து, வாகினி நிறுவனத்தின் பெயரை நிலைநிறுத்தியது.

பி. என். ரெட்டியின் தம்பியான பி. நாகிரெட்டியும் அவருடைய நண்பர் சக்ரபாணியும் இணைந்து உருவாக்கியதே விஜயா நிறுவனம். ‘அம்புலிமாமா’ படித்து வளர்ந்தோருக்கு இவ்விருவரும் அந்நியரல்லர். அந்தச் சஞ்சிகையை 1947இல் தொடங்கியவர்களும் இவர்களே. கே. வி. ரெட்டி இயக்கத்தில் 1951இல் அவர்கள் தயாரித்த ‘பாதாள பைரவி’ தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. மந்திரவாதியும் பாதாளச் சிலையும் நிறைந்த அப்படத்தில் அம்புலிமாமாவின் பக்கங்களே திரையில் விரிவன போலிருக்கும்.

இந்த வேளையில்தான் வீதியில் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. தனி ஆந்திர மாநிலம் கோரி பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19ஆம் திகதி சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கி, டிசம்பர் 15இல் உயிர் நீத்தார். ஆந்திர மாவட்டங்களில் பெருங்கலவரம் மூண்டது. சென்னை எங்களுடையது என்று தெலுங்கர் முழங்கினர். விட்டுக்கொடுக்க முடியாது என்று ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். இறுதியில் 1953 அக்டோபர் முதலாம் திகதி, சென்னை நீங்கலாக, கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது.

பிரிவினை நடந்த அதே 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த ‘தேவதாஸ்’ இரு மொழிகளிலும் வெளிவந்து, இரு மக்களையும் அழவைத்தது. 1955 பொங்கலையொட்டி எல். வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸம்மா’ தெலுங்கிலும் ‘மிஸ்ஸியம்மா’ தமிழிலும் வெளிவந்தன. வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இந்து இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணுமே கதை. தெலுங்கில் என். டி. ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன். இரண்டிலும் கதாநாயகி சாவித்திரி. 1957இல் வந்த ‘மாயாபஜார்’ படத்திலும் இதே ஏற்பாடுதான். அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி. கிருஷ்ணனும் கடோத்கஜனும் மாறவில்லை. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு இரண்டுக்கும் பொது.

இதனை மொழி ஒற்றுமையின் காவியமாகப் புகழ்வது மிகை. ஒரே அரங்கையும் ஆடை அணிகளையும் கொண்டு இரண்டு படம் எடுத்தால் செலவு மிச்சம் என்பதே முதற்காரணம். ஆயினும் அந்த வணிகக் கணக்கு, மேடைப் பேச்சுகள் செய்யாத ஒன்றைச் செய்தது. அடுத்தவர் மொழியைக் காதுகொடுத்துக் கேட்கவும் நாவில் பழகவும் கலைஞர்களை அது கட்டாயப்படுத்தியது. குண்டூர் மாவட்டத்துப் பெண்ணான சாவித்திரியின் தமிழை நாம் அந்நியமாக உணராதது அதனாலேயே.

1956 நவம்பரில் ஹைதராபாத்தைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரப் பிரதேசம் உருவானது. அங்கு சாரதி ஸ்ரூடியோ எழுந்தது. நாகேஸ்வர ராவ் ஹைதராபாத்தில் குடியேறி, 1970களில் அன்னபூர்ணா ஸ்ரூடியோவை அமைத்தார். மாநில அரசும் சலுகைகள் வழங்கியது. ஒரேநாளில் அல்ல, ஏறத்தாழ முப்பதாண்டுகளில் தெலுங்குத் திரை வீடு மாறியது. வடபழனியில் கிருஷ்ணனாக நின்ற ராமராவ், 1983 ஜனவரியில் தெலுங்கரின் தன்மானத்தை முன்வைத்து ஆந்திர முதலமைச்சரானார். சொந்த மண்ணில் சொந்தத் தொழில் வேண்டும் என்ற அவர்களது விருப்பத்தில் குறைகாண எவருக்கும் உரிமையில்லை.

எனினும் அந்த இடப்பெயர்வில் ஒன்று தொலைந்தது. பின்னாளில் ஒரு மொழிப் படம் மற்றைய மொழிக்குப் பெரும்பாலும் மொழிமாற்றமாகவோ மறுபடைப்பாகவோ சென்றது. ஒரே தளத்தில், ஒரே கலைஞர் இரு மொழியிலும் வாழ்ந்து நடிக்கும் வழக்கம் அருகிப்போனது. விஜயா வாகினி இருந்த நிலத்தில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன.

சாவித்திரி 1981 டிசம்பர் 26இல் சென்னையிலேயே காலமானார். 2018இல் அவர் வாழ்க்கை படமாக வந்தபோது தெலுங்கர் ‘மகாநடி’ என்றனர். தமிழில் அது ‘நடிகையர் திலகம்’ ஆனது. இரு சாராரும் தம்மவர் என்றே அழுதனர். என் ஆந்திர நண்பருக்கு அன்று நான் சொல்லத் தவறிய பதில் இதுதான்: எல்லைகளை வரைந்தோர் ஊர்களைப் பிரித்தனர், சாவித்திரியைப் பிரிக்க அவர்களால் இயலவில்லை.