பட்ட காலும் பஞ்சமி நிலமும்



'பட்ட காலிலே படும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. வலியை விதி என்று ஏற்கச் சொல்லும் பேச்சு இது. அடித்தவர் யார், ஏன் அதே காலில் அடித்தார் என்று அது கேட்பதில்லை. செங்கல்பட்டின் வரலாறு கேட்டிருக்கிறது.

மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் 1859இல் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி, 1939இல் வெளியான 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே இருப்பார். வகுப்பு முடிந்ததும் யாரிடமும் சிக்காமல் வீட்டுக்கு விரைவார். உடம்பில் காயம் இல்லை. ஆனாலும் அவர் நடக்கும் வேகத்தை அந்த வலியே தீர்மானித்தது. அதே மனிதர் 1893இல் இதழ் தொடங்கியபோது, எந்தச் சொல்லுக்கு அஞ்சினாரோ அதையே அதன் பெயராக்கினார்: 'பறையன்'.

அந்த ஆண்டுகளில்தான் இம்மாவட்டத்தின் வலி அரசுக் காகிதத்திலும் ஏறியது. 1891இல் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, பறையர்களின் துயரத்தை நிலத்தோடு சேர்த்துப் பார்த்தது. குடியிருந்த மனை மிராசுதாரர் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும். தரிசு கேட்டு மனுச் செய்தாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. 1892இல் வந்த அரசாணையின்படி ஒதுக்கப்பட்டதே பஞ்சமி நிலம். பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறிய கைமாற்றம் செல்லாது.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கைமாறிப் போனது. மாமல்லபுரம் வட்டாரத்துக் காரணையில் அதை மீட்கக் கோரி எழுந்த போராட்டத்தின் மீது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

'எங்கள் மனம் புண்பட்டது' என்று புத்தகத்தைத் தடைசெய்யக் கேட்பவர்களுக்கு இங்கே உடனே செவிசாய்க்கிறார்கள். நாம் வாய் திறந்தால் 'பழசைக் கிளறாதே' என்கிறார்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவோ, பொதுப் பார்வையில் இழிவுபடுத்துவதையும் நிலத்தைப் பறிப்பதையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. நம் பேச்சிலும் இரண்டையும் பிரிக்கக் கூடாது. அவமானத்தை மட்டும் பேசினால் அனுதாபம் கிடைக்கலாம்; நிலம் கிடைக்காது. நிலத்தை மட்டும் பேசினால், மணி அடிக்கும்வரை வெளியே நின்ற அந்தச் சிறுவன் கணக்கில் வரமாட்டான்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமெங்கும் இன்று மனை விலை ஏறிக்கொண்டிருக்கிறது. காலம் தாழ்த்துவது பறித்தவருக்கே லாபம். மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தங்கள் ஊரின் 'அ' பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த நிலத்தில் யார் உழுதார்கள், எப்போது விரட்டப்பட்டார்கள் என்று பாட்டிமார்களிடம் கேட்டு எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சர்வே எண்ணோடு பதில் சொல்வோம்.