வினை வரும் முன்பே: பலபொருள் ஒருசொல்லும் பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தின் பிற்பகுதியில், பலபொருள் ஒருசொல் பற்றிய நூற்பாக்கள் வருகின்றன. மயக்கம் தீர்க்கும் பொறுப்பு முழுவதையும் அவை வினையின் தலையில் ஏற்றுவதாகப் படிக்கும் போக்கு ஆய்வாளரிடையே வேரூன்றிவிட்டது. வினை, இனம், சார்பு என மூன்று வழிகள் சொல்லப்பட்டாலும் பின்னிரண்டும் வினைக்கு எடுபிடிகள் என்பது அவர்கள் முடிவு. பள்ளிப் பயிற்சிகளும் அதே தடத்தில் போகின்றன: மா பூத்தால் மரம், மா ஓடினால் விலங்கு. இந்த வாசிப்பு நூற்பாவுக்கும் பொருந்தவில்லை, பிள்ளைகளுக்கும் உதவவில்லை என்பது என் கருத்து.

அவர்கள் பக்கம் வலுவான சான்று ஒன்று உண்டு. ஆசிரியர் இச்சொற்களை வினையால் வேறுபடுவன, வேறுபடாதன என்றே வகுக்கிறார். வகையின் பெயரே வினையால் அமைந்திருக்க, அதைத் தலைமையாகக் கொள்வதில் என்ன பிழை என்று கேட்கலாம். பெயர் தலைமை பற்றி வந்திருக்கக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் பொருள் தெளியும் வழிகளைச் சொல்லும் இடத்தில் மூன்றுக்கும் ஒரே உருபும் எண்ணும்மையும் வருகின்றன. ஒன்றை உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்தும் குறிப்பு அங்கே இல்லை.

இதைவிட அழுத்தமான சான்று உரைகளில் கிடைக்கிறது. இனத்துக்கு எடுத்துக்காட்டாக மாவும் மருதும் சேர்ந்து ஓங்கி நிற்பதைக் காட்டுகிறார்கள். சார்புக்கு, கவசம் பூண்டு நிற்கும் ஒருவன் மாவைக் கொண்டுவரச் சொல்வதைக் காட்டுகிறார்கள். இரண்டிலும் வினை என்ன செய்கிறது? ஓங்குதல் மரத்துக்கே உரியதன்று. யானையும் ஓங்கி நிற்கும். கொண்டுவருதல் குதிரைக்கும் ஆகும், மாங்கிளைக்கும் ஆகும். முதலதில் பொருளைத் தெளிவிப்பது மருது, அடுத்ததில் கவசம். அந்தக் கவசம் பேசியவனின் வாக்கியத்தில்கூட இல்லை, கேட்பவனின் கண்ணெதிரே இருக்கிறது. வினை கைவிடும் இடங்களைத் தேடிப் பிடித்தே இவ்விரண்டையும் அமைத்தார்கள் என்று சொல்லத் துணிகிறேன். தற்செயல் என்பாரும் இருப்பர். இரண்டு முறையும் தற்செயல் என்பதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பறைக்கு இது ஏன் முக்கியம் என்பது பெங்களூரில் பளிச்சென்று தெரிகிறது. தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. கண்ணால் மட்டும் படிப்பவருக்கு அதனால் நட்டமில்லை. வாய்விட்டுப் படிக்கும் பிள்ளைக்கு உண்டு. ‘பீமன் தன் கதையை ஓங்கினான்’ என்ற வரியில், இரண்டு சொல் தாண்டியதுமே ககரத்தை எப்படி ஒலிப்பது என்று அவள் முடிவு செய்தாக வேண்டும். ‘ஓங்கினான்’ வரும்வரை நாக்கு காத்திருக்காது. அவளுக்குக் கைகொடுப்பது பீமன், அதாவது சார்பு. கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழி கற்றல் சட்டத்துக்குப் பின் இந்நகரத் தமிழ்ப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தாலும் கன்னட எழுத்து அவர்களுக்குப் பழக்கமாகிறது. அவ்வெழுத்தில், சொல்லும் கதைக்கும் பீமனின் ஆயுதமான கதைக்கும் முதலெழுத்தே வேறு. பிழையைக் குறிக்கும் பாவமும் முகத்தில் காட்டும் பாவமும் வேறு வேறாக எழுதப்படும். வலிமை என்னும் பலமும் கனி என்னும் பலமும்கூட அப்படியே. கன்னடத்தில் இரண்டாக அறிந்ததைத் தமிழில் ஒன்றாகப் பார்க்கும் பிள்ளை தடுமாறினால் அதைப் படிப்பறிவுக் குறை என்று எழுதிவிடுவது அநியாயம்.

எழுத்து ஒன்று, ஒலி இரண்டு என்னும் இந்நிலையைத் தொல்காப்பியர் பேசவில்லைதான். அவர் காட்டிய வழி இதற்கும் நீளும் என்பது என் துணிபு. கதை போன்றவை வடசொற்கள், இவ்விதி அவற்றுக்கு ஆகாது என்ற மறுப்பு நிற்காது. வடசொல்லையும் செய்யுட்குரிய சொல் நான்கில் ஒன்றாக எண்ணியவர் அவரே. தோத்திர நூல்களில் போல ஒலி வேறுபாட்டைக் காட்ட எழுத்தின் மேல் எண் போடலாம் என்பாருக்கு, சுலோகப் புத்தகம் வேறு, மூன்றாம் வகுப்புப் பாடம் வேறு என்பது போதும்.

எதிர்த்திசையிலும் இதே மயக்கம் உண்டு. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் நடத்துநர் ‘ஹத்தி, ஹத்தி’ என்றால் ஏறச் சொல்கிறார். ‘ஹத்து ரூபாயி’ என்றால் பத்து ரூபாய் கேட்கிறார். தமிழ் ‘பத்து’, ‘பற்று’ என எழுத்தால் பிரித்து வைத்ததைக் கன்னடம் ஒரே ‘ஹத்து’ ஆக்கிவிட்டது. தீப் பற்றுவதும் அங்கே ‘ஹத்து’தான். ஏழும் எழுவதும் அவ்வாறே ‘ஏளு’. இந்த ஊர்ப் பிள்ளை எதுவும் இதில் குழம்பி நின்றதைப் பார்த்ததில்லை. பஸ்ஸின் படிக்கட்டே அங்கே கவசம். சார்பைக் கொண்டு பொருள் காணும் திறனோடுதான் அவர்கள் வகுப்புக்குள் வருகிறார்கள்.

நாம் கொடுப்பதோ பட்டியல். திவாகரம் முதலான நிகண்டுகள் ஒருசொல் பல்பொருளுக்குத் தனித் தொகுதி வைத்தன. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடமானது. செய்யுள் இயற்றவும் உரை காணவும் போகிறவர்களுக்கு அது சரியான கருவி. ‘இரு பொருள் தருக’ என்று இன்று வினாத்தாளில் வருவது அதன் மிச்சம். கிளவியாக்கத்துக்கும் அதற்கும் உறவில்லை. பாடநூல் எழுதுவோர் அந்த வினாவைத் தொடக்க வகுப்புகளிலிருந்து எடுத்துவிட்டு, இறுதி வினையை மறைத்த வாக்கியங்களைக் கொடுத்து, சொல்லின் பொருள் என்ன, எதைக் கொண்டு கண்டாய் என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டும்.