தாம்பரத்துக் காற்று: பங்காவிலிருந்து கேபினெட் விசிறி வரை

சென்னைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று நீண்டு செல்லும் நிலப்பரப்பில் வாழ்வோருக்குக் காற்று எக்காலத்திலும் தேடிப் பெறவேண்டிய பொருளாகவே இருந்து வந்திருக்கிறது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் உச்சிப்பொழுது கழிந்ததும் கடற்காற்று வீதிக்குள் புகுந்துவிடும். தாம்பரமோ கரையிலிருந்து உள்ளே தள்ளிக் குன்றுகளை அண்டியிருப்பதால், மேற்குக் காற்று வலுத்திருக்கும் வைகாசி நாட்களில் கடற்காற்று வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சில நாட்களில் வராமலே போய்விடுவதும் உண்டு. ஆகவே காற்றை வரவழைக்கவும், வரவழைத்த காற்றால் அமைதி குலையாமல் காக்கவும் இப்பகுதியில் கையாளப்பட்ட உபாயங்களின் சரித்திரம் நீண்டது. கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் சுழலும் சிறு விசிறி அந்த வரிசையில் கடைசியாக வந்தது.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வெள்ளைக்காரப் படையினர் குடியிருந்த நாட்களில், அதிகாரிகளின் பங்களாக்களில் உத்தரத்திலிருந்து தொங்கிய பங்காவே காற்றுக்கு ஆதாரம். நீண்ட மரச்சட்டத்தில் துணியைத் தைத்துத் தொங்கவிட்டு, அதில் கட்டிய கயிற்றைச் சுவரில் இட்ட துவாரத்தின் வழியே தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஓர் ஆளை உட்கார்த்தி இழுக்கச் செய்வார்கள். வாயிலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீர் தெளித்துவிட்டால், உள்ளே வரும் காற்று குளிர்ந்து மணத்துடன் வரும். பங்காவுக்குச் சப்தம் இல்லை. பரப்பு பெரிது, அசைவோ மந்தம். ஆதலால் படுத்திருப்பவருடைய நித்திரைக்குப் பங்கம் விளையாமல் அறை முழுவதும் காற்று அலைந்து கொண்டிருந்தது. ஆனால் அந்த நிசப்தத்துக்காகத் தாழ்வாரத்தில் ஒருவன் இராமுழுவதும் விழித்திருந்தான். கண் அயர்ந்து கயிறு நின்றால் அவனுக்குக் கிடைத்தவை வசையும் உதையும். துரைமாரின் சௌகரியங்களைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் பல உண்டு. கயிற்றை இழுத்தவனின் பெயரையோ அவற்றில் அபூர்வமாகத்தான் காண முடிகிறது. காற்றின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர் முதலில் நினைக்க வேண்டியது அவனைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

பிற்காலத்தில் காற்றையே மருந்தாகக் கருதி ஜனங்கள் தாம்பரத்தை நாடி வந்தார்கள். இங்கிலாந்தில் சோமர்செட் பிரதேசத்து மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோக ஆரோக்கிய நிலையம் ஒன்றை நடத்தி, 1917இல் கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்த டாக்டர் சௌரிமுத்து, தாயகம் திரும்பி, 1928இல் தாம்பரத்தை அடுத்த பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஓய்வும், புஷ்டியான ஆகாரமும், இரவும் பகலும் தடையின்றி வீசும் சுத்தமான காற்றுமே அக்காலத்துச் சானடோரிய வைத்தியம். அதற்கேற்பப் பெரிய சன்னல்களும், நோயாளிகளைக் கட்டிலோடு கொண்டுவந்து கிடத்துவதற்கான அகன்ற தாழ்வாரங்களும் அத்தகைய நிலையங்களின் லட்சணங்களாக இருந்தன. 1937இல் தாம்பரம் நிலையத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. வீட்டிலேயே இருந்து மருந்து உட்கொள்பவரும் சானடோரியவாசியைப் போலவே குணமடைகிறார் என்பதை, சென்னையில் நடந்து 1959இல் வெளியான புகழ்பெற்ற ஆராய்ச்சி நிரூபித்த பிறகு, காற்றே மருந்து என்ற நம்பிக்கை தளர்ந்தது. எனினும் உள்ளே வரவும் வெளியே போகவும் விசாலமான வழி இருந்தால் காற்று தானே மெல்ல நடமாடும் என்று அறிந்து கட்டிய அந்தக் கட்டட ஞானம் பழுதானதன்று. கேபினெட் வாங்கப் போகிறவருக்கும் அதுவே முதற்பாடம்.

1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஊர் பெருகப் பெருக வீடுகளில் மின்சாரமும், அதன் பின்னே கூரை விசிறியும் வந்தன. பங்காவின் தத்துவத்தைக் கூரை விசிறி கைவிடவில்லை. கயிறு இழுத்தவனுக்கு மட்டும் விடுதலை அளித்தது. அகன்ற இறக்கை மெதுவாகச் சுழல்வதால்தான், ஓர் அறை முழுவதற்கும் காற்றைத் தரும் அந்த யந்திரத்தின் கீழே குழந்தை தூங்குகிறது.

சானடோரியத்தை அடுத்து ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் 1984இல் ஏற்றுமதி வளாகம் தோன்றியது. அக்கம்பக்கத்தார் அதை மெப்ஸ் என்பார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரும் இப்பகுதி வீடுகளுக்கு வந்தது. மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரி பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்து, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியவர்கள் அநேகர். அந்நாளைய கேபினெட்டில் காற்றுக்கென்று இருந்தவை, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் விசிறியும், பின்புறம் 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றும் மட்டுமே. முன்புறத் தகடோ ஏறக்குறைய மூடியே இருக்கும். இழுப்பதற்குக் காற்று கிடைக்காத அச்சிறு விசிறி, ஓசை வீடெங்கும் கேட்கும்படி வேகமாகச் சுழன்றும் பிரயோஜனம் சொற்பம். கத்திரி வெயிலில் யந்திரம் தானாக நின்றுபோகவே, பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் விசிறியை எதிரே வைப்பது வீட்டுக்கு வீடு வழக்கமாயிற்று. அவ்வழக்கத்தைப் பாமரத்தனம் என்று இகழ நான் உடன்பட மாட்டேன். பெரிய இறக்கை, திறந்த வழி என்ற இரண்டு உண்மைகளையும் அது உணர்ந்திருந்தது.

அவ்வுண்மைகளுக்குக் கணக்கும் உண்டு. விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்று பாதியாகும். சப்தமோ ஏறத்தாழ 15 டெசிபெல் தணியும். அதே விசிறியை இரண்டாகப் பொருத்தினால், திறந்த வழியில் காற்றின் அளவு பழையபடி வந்துவிடும். சப்தம் 3 டெசிபெல் மாத்திரமே ஏறும். குறுக்களவின் பலன் இன்னும் பெரிது: ஒரே அமைப்பும் ஒரே வேகமும் உடைய 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறி மும்மடங்குக்கும் அதிகமாகக் காற்றைத் தள்ளும். எனவே முகப்பில் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டும், பின்னால் ஒன்றும் வைத்து, நிமிஷத்துக்கு 800 முதல் 1,000 சுற்றுக்குள் ஓடவிடுவதே நம் ஊருக்கு உகந்தது. விசிறி வரும் பெட்டியின் மேல் அச்சிட்ட காற்றளவு, எதிரே தடையேதும் இல்லாத நிலையில் அளந்தது. தூசி வலையும் தகட்டுத் துளைகளும் குறுக்கிடும்போது காற்றைத் தள்ளும் அழுத்தமே பயன்படும். அதை மில்லிமீட்டர் நீர் என்ற அளவையில் குறித்திருப்பார்கள்; கடையில் அதைப் பார்த்து வாங்குவோர் மிகச் சிலரே. ஆஸ்திரிய நாட்டு நாக்டுவா நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஒரு விசிறியில், இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான்; காற்று அங்கே பின்வாங்கிக் கசிவதைத் தடுக்கவே அவ்வளவு நுணுக்கம். பேரிங் விஷயத்திலும் கவனம் வேண்டும்: எளிய ஸ்லீவ் வகையில் உஷ்ணத்தால் எண்ணெய் சீக்கிரம் வறண்டு கரகரப்பு பிறக்கும், திரவ அழுத்தத்தில் சுழலும் வகை விலை கூடினாலும் நெடுநாள் உழைக்கும். வண்ண விளக்குகளால் குளிர்ச்சி கிடைப்பதில்லை.

இவ்வளவு செய்தாலும், எந்த விசிறியும் கேபினெட்டின் உட்புறத்தை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்கிவிடாது. 2003 மே 31இல் சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய நாளில் கூரை விசிறியின் கீழே இயங்கும் யந்திரத்துக்கு உள்ளே புகும் காற்றே அனல். அறையின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறப்பதும், கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும் விலையுயர்ந்த விசிறியைவிட அன்று அதிகம் உதவும்.

புழுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்லாவரம், திரிசூலம், பம்மல் குன்றுகளின் கல், புவியியலார் சார்னோகைட் என்று பெயரிட்டுப் போற்றும் உறுதியான கருங்கல். தலைமுறைகளாக வெட்டி உடைக்கப்பட்ட அக்குன்றுகளின் தூளும் ஜி.எஸ்.டி. சாலையின் மண்ணும் இப்பகுதி வீடுகளுக்குப் பழக்கமானவை. உள்ளிழுக்கும் விசிறிகள் வெளியேற்றுவனவற்றைவிடச் சற்று மிகுந்திருந்தால், கேபினெட்டின் சந்துகள் வழியே புழுதி நுழையாமல், வலை போட்ட முகப்பு வழியாகவே காற்று வரும். மாதம் ஒருமுறை வலையைக் கழற்றித் தட்டிக் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மாட்ட வேண்டும். புளோயர் வைத்து ஊதும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். பிடிக்காவிட்டால் அளவுமீறிய வேகத்தில் சுழன்று பேரிங் கெட்டுவிடும்.