ஆற்றுக்கு விட்ட நிலம்: ரொறன்ரோ நகரின் வெள்ளப் பாடம்

கோடை வந்தால் எமது ஊர்ச் சங்கங்களின் ஒன்றுகூடல்கள் எங்கே நடக்கின்றன என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு மோர்னிங்சைட் பூங்கா உடனே ஞாபகம் வரும். வாகனத்தைச் சரிவில் இறக்கிக்கொண்டு போனால் கீழே பரந்த புல்வெளி, மரங்கள், ஓரமாக ஒரு சிற்றாறு. மேலே வீட்டு விலை வானத்தைத் தொடுகிறது. ஒரு துண்டு நிலம் கிடைத்தால் நாற்பது மாடி எழுப்பக் காத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நகரத்தில் இத்தனை பள்ளத்தாக்குகளை ஏன் சும்மா விட்டு வைத்திருக்கிறார்கள்?

கடந்த இரண்டு குளிர்காலங்களாகச் சனிக்கிழமைகளில் பதினான்கு முதல் பதினேழு வயது வரையான எமது பிள்ளைகள் சிலருக்கு ஒரு வகுப்பு எடுத்து வருகிறேன். மழைநீர் வாய்க்கால்களுக்கும் குழாய்களுக்கும் படம் வரைகிற வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பின் வேலை ஒன்றுதான்: ஸ்காபரோவின் ஒரு சிறு பகுதியின் வரைபடத்தை எடுத்து, பெருமழை வந்தால் சேதம் குறையும்படி அதைத் திருத்தி அமைக்க வேண்டும். அந்த வகுப்பில் நான் சொல்கிற சரித்திரத்தைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

1954 ஒக்ரோபர் 15, வெள்ளிக்கிழமை இரவு. ஹெயிட்டியில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றுவிட்டு அமெரிக்கக் கரையைக் கடந்த ஹேசல் சூறாவளி, வலு குறைந்து போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, வடக்கிலிருந்து வந்த குளிர்காற்றோடு மோதி ரொறன்ரோவின் மேல் கொட்டித் தீர்த்தது. முந்திய நாட்களின் மழையால் நிலம் ஏற்கெனவே ஊறிப் போயிருந்தது. இனிக் குடிக்க இடமில்லாத நிலத்தில் விழுந்த மழை அப்படியே ஆறுகளுக்கு ஓடியது. 48 மணித்தியாலங்களில் 285 மில்லிமீற்றர். அதில் கடைசி 12 மணித்தியாலங்களில் மட்டும் 212 மில்லிமீற்றர்.

ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் டிரைவ் என்றொரு தெரு இருந்தது. ஆற்றோரத் தாழ்நிலத்தில் சிறிய வீடுகள். மேலே இருந்த நடைபாலம் அறுந்து, வெள்ளம் தெருப்பக்கம் திரும்பியது. ஓர் இரவுக்குள் 14 வீடுகள் இருந்த இடமே தெரியாமல் போயின. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர் இறந்தார்கள். ஆற்றுக்குள் அகப்பட்ட காரில் இருந்தவர்களைக் காப்பாற்றப் போன தொண்டர் தீயணைப்பு வீரர்களில் ஐந்து பேரை வெள்ளம் கொண்டுபோனது. கனடாவில் மொத்தம் 81 உயிர்கள். வடக்கே ஹொலண்ட் மார்ஷ் என்ற வடித்தெடுத்த சதுப்பு நிலத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்தவர்களில் பலர், அண்மையில்தான் நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய வயல்களும் வீடுகளும் நீருக்குள் போயின. புதிதாக வந்தவனுக்குக் கிடைப்பது தாழ்ந்த நிலம்தான். அன்றும் அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். போன வீடுகளைத் திரும்பக் கட்டியிருக்கலாம். உலகில் அநேக இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள். இங்கே அப்படி விடவில்லை. ஒன்ராறியோவில் 1946 இலேயே ஆற்றுப் படுகைகளைப் பேணும் அதிகாரசபைகளுக்குச் சட்டம் இருந்தது. ஹேசலுக்குப் பிறகு அவற்றுக்கு நிலம் வாங்கும் அதிகாரம் வலுப்படுத்தப்பட்டது. 1957 இல் ரொறன்ரோப் பகுதியின் சபைகள் ஒன்றாக்கப்பட்டன. 1959 இல் பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டம் வெளிவந்தது. அதில் பல அணைகள் இருந்தன. கட்டியவை ஒரு சிலதான். கிளேர்வில் அணை 1964 இலும், டொன் ஆற்றின் மேற்குக் கிளையில் ஜி. றொஸ் லோர்ட் அணை 1973 இலும் வந்தன. ஆனால் பள்ளத்தாக்கு நிலத்தை வாங்கி, வீடு கட்டத் தடைபோட்டு, பூங்காவாக விட்டது தொடர்ந்து நடந்தது. றேமோர் டிரைவில் அழிந்த வீடுகள் இருந்த இடம் இன்று றேமோர் பூங்கா. இன்றுவரை இப்பகுதியில் ஓர் ஓடையின் வெள்ள எல்லையைக் கணக்கிடும் பொறியியலாளர் கேட்கும் கேள்வி, “ஹேசல் இந்த ஓடையின் மேல் பெய்தால் தண்ணீர் எங்கே வரை வரும்?” என்பதுதான்.

வகுப்பில் ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறேன். மணல், கடற்பஞ்சு, பிளாஸ்ரிக் வீடுகள், பூவாளி. முதல் நாள் பிள்ளைகளிடம் கொடுத்து, வெள்ளம் வராமல் செய்யுங்கள் என்றால், எல்லோரும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள். ஆற்றின் இரு பக்கமும் சுவர் எழுப்புவார்கள். சுவரைத் தாண்டித் தண்ணீர் வந்தால் இன்னும் உயர்த்துவார்கள். ஒருநாள் பேரனைக் கூட்டிக்கொண்டு போக வந்த அம்மா ஒருவர், வவுனிக்குளப் பக்கத்தைச் சேர்ந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டார்: “வான் எங்கை தம்பி? வான் வைக்காமல் ஆர் குளம் கட்டினது?”

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: குளம் நிறைந்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் கட்டை உடைக்காமல் வெளியேற, கட்டின் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல்லால் அமைத்து விடுவார்கள். அதுதான் வான். “குளம் வான் பாயுது” என்றால் ஊரே பார்க்கப் போகும். நான் அரை மணி நேரம் படம் போட்டு விளக்க இருந்ததை அந்த அம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். ரொறன்ரோவின் பள்ளத்தாக்குகள் இந்த நகரத்தின் வான். 81 உயிர் போன பிறகு வைத்த வான்.

ஆனால் எல்லா இடத்திலும் வைக்கவில்லை. இருந்ததையும் முன்பே மூடிவிட்டார்கள். டொன் ஆற்றின் கீழ்ப்பகுதியை 1880களின் பிற்பகுதியில் நேராக வெட்டத் தொடங்கினார்கள். வளைந்து நெளிந்து ஒரு பெரிய சதுப்பு நிலத்துக்குள் சேர்ந்த ஆற்றை, கடைசியில் செங்கோணமாகத் திருப்பிக் கீற்றிங் வாய்க்காலுக்குள் விட்டார்கள். 1912 இன் துறைமுகத் திட்டத்தோடு சதுப்பு நிலமும் நிரப்பப்பட்டது. நகரின் மேற்கே ஓடிய கரிசன் ஓடை கழிவுநீர்க் குழாயாகி நிலத்துக்குக் கீழே போனது. அதன் மேல் நின்ற குரோபோர்ட் தெருப் பாலம் இன்னும் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. 1960களில் சுரங்க ரயில் பாதைக்குத் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து பாலத்தோடு பள்ளத்தை மூடிவிட்டார்கள். பாலத்தைப் புதைத்த நகரம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

இனி எங்கள் குடும்பங்களுக்குக் கிட்டத்தில் நடந்தவை. 2005 ஓகஸ்ட் 19 அன்று பெய்த மழையில் பிஞ்ச் அவெனியூவுக்குக் கீழே பிளாக் கிறீக் ஓடிய மதகு உடைந்து வீதியே பிளந்தது. அதே மழையில் ஸ்காபரோவின் ஹைலண்ட் ஓடை கரையை அரித்து, ஓடையோரம் புதைத்திருந்த பெரிய கழிவுநீர்க் குழாயையும் உடைத்தது. 2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் 126 மில்லிமீற்றர் பதிவானது. டொன் பள்ளத்தாக்கில் சுமார் 1,400 பயணிகளோடு ரயில் தண்ணீருக்குள் நின்றது. பொலிசார் படகில் ஏற்றினார்கள். 2024 யூலை 16 அன்று சுமார் 98 மில்லிமீற்றர்; டொன் வலி நெடுஞ்சாலை மறுபடியும் ஆறானது.

படகும் ரயிலும் தொலைக்காட்சியில் வந்தன. பேஸ்மென்றுகள் அந்த அளவுக்கு வரவில்லை. வந்த புதிதில் பேஸ்மென்றில் இருக்காத குடும்பம் எம்மில் எத்தனை? என் மாணவன் ஒருவனின் குடும்பம் 2013 இல் எற்றோபிக்கோவில் நிலக்கீழ் வீட்டில் இருந்தது. பக்கத்தில் ஆறே கிடையாது. ஆனாலும் தரையில் இருந்த வடிகால் துளையால் கழிவுநீர் மேலே வந்தது. கட்டிலுக்குக் கீழே சூட்கேசில் இருந்த லாண்டிங் பேப்பர்களும், எத்தனையோ இடப்பெயர்வுகளில் தப்பிய கல்யாண அல்பமும் அதில் ஊறிப் போயின. வீட்டுக்காரரின் காப்புறுதி வீட்டுக்குத்தான் இருந்தது, வாடகைக்கு இருந்தவர்களின் சாமானுக்கு அல்ல. இதை அந்தத் தாயார் என்னிடம் சொன்னபோது அல்பத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

இது ஆற்று வெள்ளம் அல்ல, குழாய் வெள்ளம். வீதியில் ஓட வேண்டிய மழைநீர் கூரைப் பீலிகளாலும் அத்திவாரத்தைச் சுற்றியுள்ள வடிகுழாய்களாலும் கழிவுநீர்க் குழாய்க்குள் போகிறது. குழாய் நிரம்பினால் அடுத்த தாழ்வான வாசலைத் தேடும். அந்த வாசல் பேஸ்மென்ற். இதனால்தான் பீலிக் குழாய்களைக் கழிவுநீர்த் தொடர்பிலிருந்து துண்டித்து முற்றத்தில் விட வேண்டும் என்று மாநகரசபை 2007 இல் முடிவெடுத்து, 2016 வரை கட்டங்கட்டமாக அமுல்படுத்தியது. கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு பூட்டுவதற்கும் மாநகரசபை உதவிப்பணம் கொடுத்து வந்திருக்கிறது. அதற்கு விண்ணப்பிப்பவர் வீட்டுச் சொந்தக்காரர், நனைபவர் கீழே இருப்பவர். பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருக்கும் நேயர்கள் இந்த வரியை இன்னொருமுறை வாசிக்கலாம்.

வகுப்பில் கணக்கும் உண்டு. 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 100 லீற்றர். முற்றத்தில் வைத்த 200 லீற்றர் பீப்பா 2 மில்லிமீற்றரில் நிரம்பிவிடும். ஹேசலின் 212 மில்லிமீற்றர் என்றால் அந்த ஒரு கூரையிலிருந்து 21,200 லீற்றர். பீப்பா வைப்பது நல்லது, ஆனால் பீப்பாவால் வெள்ளம் நிற்காது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். இடம் வேண்டும். தண்ணீர் வந்து சில மணி நேரம் தங்கிப்போக இடம்.

பிறகு மார்க்கத்துக்கும் ஏஜாக்ஸுக்கும் போய் வீடு வாங்கியவர்கள் அந்த இடத்தைத் தினமும் பார்க்கிறார்கள். புதுக் குடியிருப்புகளின் நடுவே இருக்கும் குளங்கள் வாத்து நீந்துவதற்காக வெட்டியவை அல்ல; அந்தக் குடியிருப்பின் மழைநீரைப் பிடித்து மெதுவாக விடுவதற்கு. “குளத்தைப் பார்த்த வீடு” என்று வீட்டு முகவர் கூட விலை சொல்வார். பள்ளத்தாக்கைப் பார்த்த காணிக்கு இன்னும் கூட. ஹேசல் செத்தவர்களின் கணக்கில் எழுதிய வெற்று நிலம் இன்று காணி விலையை ஏற்றுகிறது. 1950, 60களில் கட்டிய ஸ்காபரோவின் பழைய பகுதிகளில் பெரும்பாலும் இந்தக் குளங்கள் கிடையாது. அதனால்தான் எங்கள் வரைபடத்துக்கு அப்படியான ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தேன்.

முன்பு செய்ததைத் திருத்தவும் முடியும் என்பதற்கு டொன் ஆற்று முகத்துவாரம் சாட்சி. 2007 இல் நடந்த சர்வதேச வடிவமைப்புப் போட்டியில் மைக்கல் வான் வல்கன்பேர்க் நிறுவனத்தின் குழு வென்றது. ஆற்றுக்குச் சுவர் கட்டாமல், வளைந்து ஏரிக்குப் போகப் புதிய பள்ளத்தாக்கையே வெட்டிக் கொடுப்பது அவர்களின் யோசனை. 2017 இல் மூன்று அரசுகளும் 1.25 பில்லியன் டொலர் ஒதுக்கின. சுமார் ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குப் புதிய ஆறு தோண்டப்பட்டது. 2024 இல் அதில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. 2025 யூலையில் பிடாசிகே பூங்கா என்ற ஆதிக்குடிகளின் மொழிப் பெயரோடு கரை திறக்கப்பட்டது. தோண்டும்போது, நூறு வருடம் நிரப்பு மண்ணுக்குக் கீழே கிடந்த பழைய சதுப்பு நிலத்தின் விதைகள் முளைத்தன. இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒருவரும் கைத்தொலைபேசியைத் தொடவில்லை.

ஆனால் அங்கே இருந்தது கைவிடப்பட்ட துறைமுக நிலம். எங்கள் வரைபடத்தில் இருப்பது வீடுகள். போன மாசி மாதம் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி, ஓடைக்குப் பக்கத்தில் தாழ்வாக இருந்த ஆறு வீடுகளை அழிறப்பரால் அழித்து அங்கே குளம் வரைந்திருந்தாள். கணக்கு மிகச் சரி. அவளைக் கூட்டிப்போக வந்த தகப்பன் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990 இல் எழும்பியவர்கள், காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அவர் வரைபடத்தைப் பார்த்து, “பிள்ளை, இந்த ஆறு வீட்டுக்காரரும் எங்கை போவினம்?” என்று மட்டும் கேட்டார். அவளிடம் பதில் இல்லை.

ஹேசலுக்குப் பின்னும் வீடுகள் எடுக்கப்பட்டன; காசு கொடுத்தும், சட்டத்தால் கட்டாயப்படுத்தியும். திரும்பக் கட்டத் தடை வந்தது. அதனால் பின்னால் உயிர்கள் தப்பியிருக்கின்றன. பாதுகாப்புக்காக எடுத்தோம் என்று எங்கள் ஊரிலும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றல்ல. இங்கே எடுத்த காரணத்தை ஆற்றைக் காட்டி நிரூபிக்கலாம், விலையும் கொடுத்தார்கள். என்றாலும் எழும்பிப் போகிறவனுக்கு வீடு வீடுதான். அன்றிலிருந்து வகுப்பில் ஒரு விதி வைத்தோம்: ஒரு வீட்டை அழிப்பதானால், அந்தக் குடும்பம் எங்கே போகும், வாடகைக்கு இருப்பவர் யார், யார் செலவழிப்பது என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை மூன்று கிழமை யோசித்தாள். பிறகு அழித்த வீடுகளைத் திரும்ப வரைந்துவிட்டு, மேட்டிலே இருந்த பாடசாலையின் வாகனத் தரிப்பிடத்தை அளந்தாள். 2,000 சதுர மீற்றர். அதை ஓர் அடி தாழ்த்தினால் சுமார் 600,000 லீற்றர் தங்கும். 100 மில்லிமீற்றர் மழையில் அறுபது கூரைகளின் தண்ணீர். மழை விட்டதும் மெதுவாக வடியும், அடுத்த நாள் ஆசிரியர்கள் காரை நிறுத்தலாம். இரண்டு வீடுகளை மட்டும் அவளால் காப்பாற்ற முடியவில்லை. அவை ஓடையின் வெள்ள எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.