உலர் ஊன் குறித்த சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

இறைச்சியை உப்பிட்டும் உலர்த்தியும் புகையூட்டியும் காப்பது உலகின் பல பகுதிகளில் தொன்றுதொட்டு வழங்கிவரும் வீட்டுத்தொழிலாகும். மாட்டிறைச்சியைப் பொறுத்தவரை இதன் தேவை வெளிப்படையானது. ஒரு மாட்டின் ஊனை ஒரு குடும்பம் ஓரிரு நாளில் உண்டு தீர்க்க இயலாது. எஞ்சியதைக் காக்கும் வழி தெரிந்த சமூகமே பஞ்சகாலத்தைக் கடந்தது. இத்தொழில் பிறப்பித்த சொற்களின் வரலாறு போதிய கவனம் பெறவில்லை. உலர் ஊனின் பெயர்கள் பல, செய்முறையின் ஏதேனும் ஒரு படியைத் தம்முள் பொதிந்து வைத்துள்ளன. சொல் அடுப்பங்கரையை விட்டுச் சந்தைக்கும் வேற்றுமொழிக்கும் செல்லும்போது அப்படி மறைகிறது; சிலபோது பொருளே மாறிவிடுகிறது. இவ்வரலாற்றையும், அது மொழிபெயர்ப்பாளர்க்கு எழுப்பும் சிக்கலையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. செய்முறையும் அதன் படிகளும்

கொழுப்பற்ற மாட்டிறைச்சியின் எடையில் ஏறத்தாழ 75 விழுக்காடு நீர். அந்நீரைக் குறைப்பதே தொழிலின் உயிர்நாடி. முதலில் கொழுப்பை அகற்றுவர். கொழுப்பு உலராது, சிக்கல் நாற்றம் கொள்ளும். பின்னர் ஊனை மெல்லிய கீற்றுகளாக அரிவர். அடுத்து உப்பிடுவர்; உப்பு ஊனிலுள்ள நீரை வெளியே இழுப்பதோடு, எஞ்சிய நீரை நுண்ணுயிர்கள் பயன்படுத்த இயலாதவாறும் செய்கிறது. அதன்பின் வெயிலிலோ காற்றிலோ தொங்கவிடுவர். ஈரக்காற்று மிகுந்த நிலங்களில் வெயிலை மட்டும் நம்ப இயலாது. அங்கே அடுப்பின் மேலுள்ள பரண் துணைநிற்கிறது. புகையின் வெப்பம் நீரை வற்றச் செய்ய, அதிலுள்ள பீனால்களும் அமிலங்களும் ஊனின் மேற்பரப்பில் படிந்து கெடுதலைத் தடுக்கின்றன. புகை ஈக்களையும் அண்டவிடாது. வீட்டில் உலர்த்துவோர் ஊனை முதலில் 71 பாகை செல்சியசு வரை சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய அமெரிக்க வேளாண்துறையின் அறிவுரை.

அரிதல், உப்பிடல், அழுத்தல், தொங்கவிடல், புகையூட்டல், பின்னர் இடித்தோ சுட்டோ உண்ணல் என இப்படிகள் அமைகின்றன. இவற்றுள் எதை ஒரு மொழி பெயராகத் தேர்ந்தது என்பதே ஆய்வுக்குரியது.

3. சார்க்கியும் ஜெர்க்கியும்

ஆண்டிசு மலைநாட்டுக் கெச்சுவா மொழியில் உலர் ஊனுக்குச் 'சார்க்கி' என்று பெயர். பகலின் கடுவெயிலும் இரவின் உறைபனியும் மாறிமாறித் தாக்க, இலாமாவின் ஊன் அங்கே உலர்ந்தது. இன்கா அரசின் பண்டகசாலைகளிலும் அது சேமிக்கப்பெற்றது. இசுபானியர் வருகைக்குப்பின் மாடுகள் பெருகவே, அச்சொல் மாட்டிறைச்சிக்கும் உரியதாயிற்று.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் ஜான் ஸ்மித் 1612இல் வெளியிட்ட வர்ஜீனியா பற்றிய நூலிலேயே காணப்படுகிறது. ஆங்கிலேயர் செவியில் அது 'வெடுக்கென இழுத்தல்' எனப் பொருள்படும் தம் வினைச்சொல்லோடு ஒலியால் ஒன்றிப்போயிற்று. இரண்டுக்கும் பிறப்புத் தொடர்பு இல்லை. ஜமைக்காவில் அதே சொல், மசாலா தடவிப் பிமெண்டோ விறகின்மேல் மெல்லச் சுடும் இறைச்சியைக் குறிக்கிறது. அங்கே உலர்த்தல் என்னும் பொருளே இல்லை.

பிரேசிலில் 'சார்க்கே' என வழங்கிய இச்சொல் வேறொரு வரலாற்றைச் சுமக்கிறது. அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள சியாராப் பகுதியில் நடந்துவந்த சார்க்கேத் தொழில் 1777-78ஆம் ஆண்டு வறட்சியால் நலிந்தது. அங்கிருந்து தெற்கே சென்ற ஜோசே பிந்தோ மார்த்தின்சு என்பார் 1780இல் பெலோத்தாசில் தொழிற்கூடம் நிறுவினார். அடிமைகளின் உழைப்பால் உருவான அவ்வுணவு அடிமைகளுக்கே உணவாயிற்று. அதன்மீதான வரிவிதிப்புப் பூசல், 1835 முதல் 1845 வரை நீடித்த பர்ரோப்பில்யாக் கிளர்ச்சியின் காரணங்களுள் ஒன்று. இங்ஙனம் ஒரே சொல் மலைநாட்டில் வீட்டுச் சேமிப்பையும், பிரேசிலில் அடிமை உணவையும், வட அமெரிக்காவில் பொட்டலத் தின்பண்டத்தையும் குறிக்கலாயிற்று.

4. வடிவும் அழுத்தமும் பெயரானமை

தென்னாப்பிரிக்காவின் 'பில்டாங்' டச்சு மொழிவழிச் சொல். 'பில்' என்பது பின்தொடை. 'டாங்' என்பது நாக்கு. நாக்குப்போல் நீண்ட கீற்றாக அரிந்த பின்தொடை ஊன் என்பது சொல்லின் பொருள். காடியும் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்ப்பது இதன் மரபு. பெயரோ சுவையைக் கூறவில்லை. அரியும் இடத்தையும் வடிவையும் கூறுகிறது.

துருக்கியின் 'பஸ்தர்மா' அழுத்துதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. உப்பிட்ட ஊனைப் பளுவின்கீழ் அழுத்தி நீரை வடித்து, வெந்தயம், பூண்டு, மிளகாய் சேர்ந்த களியைப் பூசி உலர்த்துவர். கைசேரி நகர் இதற்குப் பெயர்பெற்றது. இதனோடு தொடர்புடைய உருமேனியச் சொல் இத்திசு மொழி பேசும் யூதர் வழியாக நியூயார்க்கை அடைந்து 'பஸ்த்ராமி' ஆயிற்று. அது உப்புநீரில் ஊறி, புகையூட்டப்பெற்று, ஆவியில் வெந்த மென்மையான இறைச்சி. அழுத்தலும் இல்லை, உலர்த்தலும் இல்லை. தொழில் போயிற்று, பெயர் நின்றது.

5. புகைப்பரணின் பெயர்

பிரேசிலின் துப்பி மொழியினர் மரச்சட்டகத்தின் மேல் ஊனைப் பரப்பிக் கீழே புகைமூட்டினர். அச்சட்டகத்தின் பெயர் பிரெஞ்சில் 'புக்கான்' எனத் திரிந்தது. ஹிஸ்பானியோலாத் தீவில் காட்டுமாடுகளை வேட்டையாடி அவ்வாறு புகையூட்டியோர் 'புக்கானியே' எனப்பட்டனர். அவர்களுட் பலர் கடற்கொள்ளையில் ஈடுபட்டமையால் அச்சொல் ஆங்கிலத்தில் கொள்ளையர் பெயராயிற்று. சமையற் கருவியொன்றின் பெயர் குற்றத்தின் பெயராய் முடிந்த விந்தை இது.

6. இந்திய மொழிகளில்

வடமொழியில் அமரகோசம் உலர் ஊனை 'வல்லூரம்' எனத் தனிச்சொல்லாற் சுட்டுகிறது. மனுநூல் அதனை விலக்குப் பட்டியலில் வைக்கிறது. விலக்க வேண்டிய அளவுக்கு அது வழக்கிலிருந்தது என்பதற்கு அவ்விலக்கே சான்று. மிசோ மொழியில் அடுப்பின் மேல் புகையில் உலர்த்திய ஊன் 'சா ரெப்'. 'சா' என்பது ஊன். திபெத்திய மொழியில் 'ஷா கம்போ' (உலர் ஊன்). தெலுங்கில் 'ஒட்டி துனகலு' (வறண்ட துண்டுகள்). மலையாளத்தில் 'உணக்கயிறைச்சி' உலர்த்தலையும், 'இடியிறைச்சி' உண்ணுமுன் இடிக்கும் கடைசிப் படியையும் பெயராகக் கொண்டன.

மராத்தியின் 'சான்யா' என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. ஊர்ப்பணியின் பகுதியாக, இறந்த கால்நடைகளை அகற்றும் கடமை மகர் சமூகத்தார் மீது சுமத்தப்பட்டிருந்தது. ஒரே நாளில் கிடைத்த ஊனை அவர்கள் கீற்றாக அரிந்து வெயிலில் உலர்த்திச் சேமித்தனர். 1927இல் மகாட் மாநாட்டில், இறந்த விலங்கின் ஊனை உண்பதைக் கைவிடுமாறு அம்பேத்கர் தம் மக்களை வேண்டினார். எனவே அச்சொல்லில் பசியும் உண்டு, சுமத்தப்பட்ட இழிவும் உண்டு, அதை உதறியெழுந்த தன்மானமும் உண்டு. மராத்வாடாத் தலித் மக்களின் உணவை ஆவணப்படுத்திய சாகு பாட்டோளேயின் மராத்தி நூல் 2015இல் வெளிவந்தது. உணவே முழுமையான பிரம்மம் என்னும் வழக்குத்தொடரில் ஓர் எதிர்மறை முன்னொட்டைச் சேர்த்து, 'அபூர்ண' என மாற்றி அந்நூல் தன் தலைப்பை அமைத்துக்கொண்டது. அதே ஆண்டில் மகாராட்டிரத்தில் காளை, எருதுகளைக் கொல்வதற்கும் தடைச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. சொல்லை நூல் பதிவு செய்த ஆண்டிலேயே, அச்சொல் சுட்டிய பொருளின் பெரும்பகுதி சட்டத்தின் எல்லைக்கு அப்பால் சென்றது.

7. தமிழும் மொழிபெயர்ப்பும்

தமிழில் இத்துறைச் சொற்கள் பழமையும் செறிவும் உடையன. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் உணவைக் கூறுமிடத்து 'வாடூன்' என்னும் சொல் இடம்பெறுகிறது. வாடுதல் என்னும் வினை 'கருவாடு' என்பதில் இன்றும் வாழ்கிறது. ஊனைக் குறித்த வடிவமோ வழக்கிழந்தது. உணங்குதல் என்னும் பழைய வினை தமிழ்ப் பேச்சில் அருகிவிட, மலையாளம் அதனை அன்றாடச் சொல்லாகக் காத்துவருகிறது. இன்றைய தமிழில் பரவலாக வழங்கும் 'உப்புக்கண்டம்' உப்பிடலையும் துண்டாக்கலையும் (கண்டம் - துண்டு) ஒருங்கே சுட்டுகிறது. அது விலங்கைக் குறிப்பதில்லை. ஆட்டூனுக்கும் மாட்டூனுக்கும் பொது. சில பகுதிகளில் வழங்கும் 'கொடிக்கறி' ஊனைத் தொங்கவிட்ட கொடியைப் பெயராக்கியது.

இந்நிலையில் மொழிபெயர்ப்பாளர் இருவகைப் பிழைகளுக்கு உள்ளாகின்றனர். ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்வோர் உப்புக்கண்டத்தையும் சான்யாவையும் 'ஜெர்க்கி' என்று ஆக்குவது முதற்பிழை. படிப்போர் மனத்தில் அது கடைப்பொட்டலத்தை எழுப்புமேயன்றிக் குடிசை வாயிலில் கட்டிய கொடியை எழுப்பாது. தமிழுக்குக் கொண்டுவருவோர் பில்டாங், பஸ்தர்மா, சார்க்கி அனைத்தையும் 'காய்ந்த மாட்டிறைச்சி' என ஒரே தொடரில் அடக்குவது இரண்டாவது பிழை. அயல்நாட்டுப் பெயர்களை ஒலிபெயர்த்து, முதல் வருகையில் செய்முறையின் முதன்மைப் படியைச் சில சொற்களில் விளக்குவது பொருந்தும். தலித் தன்வரலாறுகளைத் தமிழாக்குமிடத்துக் கொடிக்கறி, உப்புக்கண்டம் ஆகிய வாழும் சொற்களைத் தயக்கமின்றி ஆளலாம். ஆனால் சான்யா போல் தனி வரலாறு உடைய சொல்லை மூலவடிவிலேயே நிறுத்துவது நேர்மையாகும்.

8. முடிவுரை

உலர் ஊனின் பெயர்களில் கத்தியும் உப்பும் கொடியும் பரணும் உறைந்துள்ளன. அவற்றை இட்டவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாத வீட்டு மகளிரும் வேட்டுவரும் உழைப்பாளரும் ஆவர். தாம் செய்த வேலையைப் பற்றி அவர்கள் விட்டுச்சென்ற பதிவு அப்பெயர்களே. கொடிக்கறி போன்ற வட்டார வடிவங்களைக் கள ஆய்வின்வழித் தொகுத்து, செய்முறைக் குறிப்போடு அகராதிகளில் சேர்ப்பது உடனடித் தேவை. கொடி கட்டும் வழக்கம் அருகிவரும் வீடுகளில் அச்சொற்களை அறிந்தோர் முதியோர் மட்டுமே.